வறண்ட வருஷத்துக்கு வட்டி இல்லை: பாபிலோன் பயணக் குறிப்புகள்

வெள்ளி, பாக்தாத்

விமான நிலையத்தில் டாலரை மாற்றியதும் கைக்கு வந்தவை சிவப்பு நிற 25,000 தினார் நோட்டுகள். ஒரு பக்கம் கதிர்க்கட்டு ஏந்திய குர்து விவசாயப் பெண், அருகே டிராக்டர். திருப்பினால் பழைய பாபிலோனின் அரசன் ஹம்முராபி. சூரிய தேவன் ஷமாஷ் அரியணையில் அமர்ந்திருக்க, அவனுக்கு எதிரே வலக்கையை வாயருகே உயர்த்தி நிற்கிறான். 3,700 ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய ஒரு காட்சி இன்றைக்கும் காய்கறிக் கடையில் கைமாறுகிறது. அவன் சட்டங்களைப் பொறித்த அந்தக் கல்தூண் பாரிஸில் இருக்கிறது. அதன் படம் இந்த நாட்டு மக்களின் சட்டைப் பையில் இருக்கிறது.

தொழிலால் நான் சிவில் வழக்கறிஞன். புரோநோட்டு, அடமானம், வட்டிக் கணக்கு, ஜப்தி என்றுதான் என் நாட்கள் போகின்றன. ஹம்முராபி என்றதும் எல்லோரும் ‘கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்’ என்று முடித்துவிடும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அவன் சட்டத் தொகுப்பில் வயல், வாய்க்கால், குத்தகை, கடன், கூலி, படகு வாடகை, மாட்டு வாடகை பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த ஹம்முராபியைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். பாக்தாத், பாபிலோன், உர், கடைசியாக பாரிஸ். தினமும் இரவில் எழுதிப் போட்டுவிட உத்தேசம்.

இன்று வெள்ளி என்பதால் முத்தனப்பி தெருவில் புத்தகச் சந்தை. தரையில் விரிப்பு போட்டு, நடக்க இடமில்லாமல் புத்தகங்கள். 2007 மார்ச்சில் கார் குண்டு வெடித்துப் பலர் இறந்துபோன தெரு இது. அங்கே இருக்கும் ஷாபந்தர் தேநீர்க் கடையில் சின்னக் கண்ணாடிக் குவளையில் கறுப்புத் தேநீர் குடித்தேன். சுவர் முழுக்கப் பழைய பாக்தாத்தின் புகைப்படங்கள்.

ஒரு புத்தகக்காரரிடம் ஹம்முராபி சட்டங்களின் அரபு மொழிபெயர்ப்பு கிடைத்தது. மெல்லிய புத்தகம். எனக்கு அரபு படிக்க வராது. 48 என்ற எண்ணைக் காட்டி, இதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள் என்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாக வாசித்தார், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அதன் சாரம் இது: ஒருவன் கடன்பட்டிருக்கிறான், புயல் தெய்வம் அதாத் அவன் வயலை அழித்துவிட்டாலோ, வெள்ளம் பயிரை அடித்துப் போய்விட்டாலோ, தண்ணீர் இல்லாமல் தானியம் விளையாமல் போனாலோ, அந்த வருஷம் அவன் கடன் கொடுத்தவனுக்குத் தானியம் அளக்க வேண்டாம், கடன் எழுதிய தன் களிமண் ஏட்டை நனைத்துக்கொள்ளலாம், அந்த வருஷத்து வட்டியும் கட்ட வேண்டாம்.

“இதை யாரும் கேட்பதில்லை, உஸ்தாத். கேட்பவர்கள் எல்லாம் 196ஐத்தான் கேட்கிறார்கள்” என்றார். 196, கண்ணுக்குக் கண்.

சனி, பாபிலோன்

அலாவி நிலையத்தில் பகிர்வு டாக்ஸி ஏறினால் ஹில்லா. பாக்தாத்திலிருந்து தெற்கே 85 கிலோமீட்டர். காலைச் சாப்பாடு ஹில்லாவில்: எருமைப்பாலின் கெட்டியான ஆடை, மேலே பேரீச்சம்பழப் பாகு, தொட்டுக்கொள்ள சூடான சமூன் ரொட்டி.

பாபிலோனைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கண்ணில் படுவது எதுவும் ஹம்முராபியின் பாபிலோன் இல்லை. ஊர்வலப் பாதை, இஷ்தார் வாயிலின் அடிப்பகுதி, அரண்மனைச் சுவர்கள் எல்லாம் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் நெபுகத்நேசருடையவை. ஹம்முராபி ஆண்டது கி.மு. 1792 முதல் 1750 வரை. இருவருக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அவனுடைய நகரம் கீழே இருக்கிறது, நிலத்தடி நீருக்குள். 1899 முதல் 1917 வரை இங்கே தோண்டிய ஜெர்மானியர் ராபர்ட் கோல்டவேயால், மெர்கெஸ் என்ற குடியிருப்புப் பகுதியில் கொஞ்சம் வீடுகளைத் தவிர, அந்த அடுக்கைத் தொட முடியவில்லை. அவர் பெயர்த்துக் கொண்டுபோன நீல ஓட்டு இஷ்தார் வாயில் பெர்லினில் நிற்கிறது. இங்கே மிஞ்சியிருப்பது அதற்குக் கீழே புதைந்திருந்த, மெருகு பூசாத பகுதி. செங்கல்லிலேயே புடைத்து நிற்கும் எருதுகளும், பாம்புத் தலையும் சிங்க முன்கால்களும் கொண்ட முஷ்ஹுஷ்ஷு என்ற விலங்கும். ஒரு செங்கல்லுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் கறுப்பாகக் கசிந்து இறுகியிருப்பது நிலக்கீல். விரலால் தொட்டால் இன்னும் லேசாகப் பிசுக்கு இருப்பது போலத் தோன்றுகிறது.

அரண்மனையின் மேல்சுவர்கள் 1980களில் சதாம் உசேன் எழுப்பியவை. நெபுகத்நேசர் தன் பெயரை முத்திரையிட்ட செங்கற்களின் மேலேயே, சதாமின் பெயர் பொறித்த செங்கற்கள். பக்கத்துச் செயற்கைக் குன்றின் மேல் அவருடைய மாளிகை, காலியாக. 2003க்குப் பிறகு அந்நியப் படைகள் இந்தத் தளத்திலேயே முகாம் போட்டு, பள்ளம் வெட்டி, கனரக வண்டி ஓட்டிச் சேதப்படுத்தின. 2019இல்தான் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

சதாம் கட்டிய சுவரில் ஒரு விரிசல் மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. அதன் நிழலில் உட்கார்ந்து, 229 முதல் 233 வரையான சட்டங்களைப் படித்தேன். வீடு கட்டுகிறவனைப் பற்றியவை. கட்டியவன் உறுதியாகக் கட்டாமல், வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால், கட்டியவனைக் கொல்ல வேண்டும். வீட்டுக்காரனின் அடிமை செத்தால், அடிமைக்கு அடிமை. பொருள் சேதமானால், பொருளை ஈடுசெய்து வீட்டையும் தன் செலவில் திரும்பக் கட்டித்தர வேண்டும். இடியாவிட்டாலும், சுவர் சரிந்தாலே போதும். தன் வெள்ளியைப் போட்டுத்தான் அதைப் பலப்படுத்த வேண்டும்.

கடைசி இரண்டையும் படிக்கும்போது எனக்கு 3,700 வருஷம் மறந்துபோகிறது. கட்டுநரின் பொறுப்பு, குறைபாட்டை அவர் செலவில் சரிசெய்யும் கடமை என்று நாங்கள் இன்று நுகர்வோர் மன்றத்தில் வாதாடுவது இதைத்தான். ஆனால் நடுவில் 230 இருக்கிறது. வீடு இடிந்து வீட்டுக்காரனின் மகன் செத்தால், கட்டியவனின் மகனைக் கொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை என்ன செய்தான்? 210ஆம் சட்டமும் இப்படித்தான்: ஒருவன் அடித்ததில் கருவுற்ற பெண் இறந்தால், அடித்தவனின் மகளைக் கொல்ல வேண்டும். மகனும் மகளும் அப்பனுடைய உடைமை என்ற எண்ணத்தில் பிறந்த நீதி இது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லி இதைக் கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை. பிற்காலத்தில் எபிரேயர்களின் பைபிள் நூலான உபாகமம், பிள்ளைகளுக்காகப் பெற்றோரும் பெற்றோருக்காகப் பிள்ளைகளும் கொல்லப்படக் கூடாது, அவனவன் தன் பாவத்துக்காகவே சாக வேண்டும் என்று எழுதிவைத்தது. பாபிலோன் வழியாக வந்ததை எல்லாம் அப்படியே வாங்கிக்கொள்ளாமல், ஓரிடத்தில் நின்று மறுத்திருக்கிறார்கள். செல்வாக்கு என்றால் மறுப்பும் அதில் அடக்கம்.

தண்டனையில் ஆள் பார்த்து அளப்பதையும் சொல்ல வேண்டும். அவீலும் என்ற மேல்குடியினன், முஷ்கேனும் என்ற எளியவன், வர்தும் என்ற அடிமை. மேல்குடியினன் இன்னொரு மேல்குடியினனின் கண்ணைப் பறித்தால் அவன் கண் பறிபோகும். எளியவனின் கண்ணைப் பறித்தால் ஒரு மினா வெள்ளி, ஏறக்குறைய அரைக் கிலோ. அடிமையின் கண் என்றால் அடிமையின் விலையில் பாதி, அதுவும் அடிமைக்குப் போகாது, அவனுடைய எசமானனுக்கு. ஆக, பிரபலமான ‘கண்ணுக்குக் கண்’ சமமானவர்களுக்குள் மட்டும் செல்லுபடியான விதி.

ஞாயிறு, ஹில்லா – உர்

திவானியா, சமாவா வழியாக நசிரியாவுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். சாலையின் இருபுறமும் வெள்ளை பூத்த நிலம். முதலில் பார்க்கும்போது ஏதோ பனி மாதிரி இருந்தது, உப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பாசனமும் வடிகால் போதாமையும் நதியில் தண்ணீர் குறைந்ததும் சேர்ந்து தென் ஈராக்கின் மண்ணை உப்பாக்கிக்கொண்டிருக்கின்றன.

ஓட்டுநருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உண்டாம், திவானியா பக்கம். பார்லி போடுவார்களாம். இரண்டு வாய்க்காலில் ஒன்று வற்றிவிட்டது. மற்றொன்றில் முறைவைத்துத் தண்ணீர். மேல்மடைக்காரன் ராத்திரியில் திறந்துவிட்டு மூட மறந்தால் கீழே இருக்கிறவன் வயல் மூழ்கும் என்றார். அப்படி ஆனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, எவ்வளவு நஷ்டமோ அவ்வளவு வாங்கித் தருவார்களாம்.

நான் 55ஐ அவருக்குச் சொன்னேன்: பாசனத்துக்கு வாய்க்காலைத் திறந்தவன் அலட்சியமாக இருந்து பக்கத்து வயலைத் தண்ணீர் அடித்துப் போனால், அந்த வயலில் விளைகிற அளவுக்குத் தானியம் அளக்க வேண்டும். 53, 54இல் கரையைப் பலப்படுத்தாமல் உடைய விட்டவனுக்கும் இதேதான்; கொடுக்க வழியில்லையென்றால் அவனையும் அவன் உடைமைகளையும் விற்று, வந்த வெள்ளியைப் பாதிக்கப்பட்டவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். “ஆளையே விற்பதா?” என்று ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை.

ஹம்முராபிக்கு வாய்க்கால் வெறும் சட்ட விஷயமாக இருக்கவில்லை. கி.மு. 1763இல் லார்சாவைப் பிடித்த பிறகு, அங்கே தன் அதிகாரிகளாக இருந்த சின்-இத்தினம், ஷமாஷ்-ஹாசிர் ஆகியோருக்கு அவன் அனுப்பிய கடிதங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. வாய்க்காலைத் தூர்வாரு, இன்னாருடைய வயலை இன்னார் பிடுங்கிக்கொண்டதாகப் புகார் வந்திருக்கிறது, விசாரித்துத் திருப்பிக் கொடு என்கிற மாதிரிக் கடிதங்கள். ஒரு பேரரசன் ஒற்றை வயலுக்காகக் கடிதம் எழுதியிருக்கிறான். அவனுடைய சட்டங்களின் நடைமுறை வாசனை எங்கிருந்து வந்தது என்று இந்தக் கடிதங்களைப் படித்தால் புரியும்.

மாலையில் உர் சிகுராத், அடுக்கடுக்காக உயரும் கோயில் மேடை. வெயில் தாழ்ந்த பிறகு ஏறினேன். கி.மு. 2100 வாக்கில் உர்-நம்மு எழுப்பத் தொடங்கிய செங்கல் மலை. 1922 முதல் 1934 வரை லியோனார்ட் வூல்லி தோண்டியெடுத்தார். முகப்பும் படிக்கட்டும் பிற்காலப் புனரமைப்பு. இங்கே வந்ததன் காரணம், இந்த உர்-நம்முவின் பெயரில் இருக்கும் சட்டங்கள்தான் இன்றைக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவை. ஹம்முராபிக்குச் சுமார் 300 ஆண்டு முந்தியவை, சுமேரிய மொழியில். அவற்றின் முன்னுரையில் உர்-நம்மு சொல்வது: அநாதையைப் பணக்காரன் கையில் விடவில்லை, விதவையை வலியவன் கையில் விடவில்லை, ஒரு ஷெக்கல் வைத்திருப்பவனை ஒரு மினா வைத்திருப்பவன் கையில் விடவில்லை. ஒரு மினா 60 ஷெக்கல்.

அந்தச் சட்டங்களில் கொலைக்கு மரணம் உண்டு. ஆனால் எலும்பை முறித்தாலும் பல்லை உடைத்தாலும் அபராதம்தான். பல்லுக்கு 2 ஷெக்கல் வெள்ளி. அதாவது, அபராதம் முந்தியது. பழிக்குப் பழி பிந்தியது. மனிதன் காட்டுமிராண்டித்தனத்தில் தொடங்கிப் படிப்படியாக நாகரிகமடைந்தான் என்ற நேர்கோட்டுக் கதை இங்கே பொருந்தவில்லை. ஹம்முராபியின் வம்சம் அமோரியர்கள், மேற்கிலிருந்து வந்த மேய்ச்சல் குடிகள். அவர்களுடைய வழக்கம் உள்ளே வந்தது என்பார்கள். எனக்கு இன்னொரு எண்ணமும் உண்டு. அபராதம் மட்டும் இருந்தால், பணக்காரன் இரண்டு ஷெக்கலை வீசிவிட்டு இன்னொரு பல்லை உடைப்பான். அவன் பல்லுக்கும் ஆபத்து என்று எழுதிவைத்தால் கை ஓங்குமுன் யோசிப்பான். கொடூரமான விதிதான், ஆனால் அதற்குள் ஒரு வரம்பும் இருக்கிறது: ஒரு கண்ணுக்கு ஒரு கண், அதற்கு மேல் கிடையாது.

திங்கள், சாலையில்

முழுக்கப் பயணம். நசிரியாவிலிருந்து பாக்தாத். எழுத ஒன்றுமில்லை, சோதனைச் சாவடிகளைத் தவிர.

செவ்வாய், பாக்தாத்

காலையில் ஈராக் அருங்காட்சியகம். 2003 ஏப்ரலில் கொள்ளைபோன இடம். ஏறத்தாழ 15,000 பொருட்கள் களவாடப்பட்டன. திரும்பி வந்தவை பல, வராதவை பல. 2015இல் மீண்டும் திறந்தார்கள். ஹம்முராபியின் கல்தூண் இங்கே நகலாகத்தான் நிற்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை எதையோ உரக்கச் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். சொந்த நாட்டு அரசனை நகலில் பார்க்கும் நிலை அந்தப் பிள்ளைகளுக்கு வந்திருக்க வேண்டாம்.

அதைவிட அதிக நேரம் நான் நின்றது ஒரு சின்னப் பெட்டிக்கு முன்னால். உள்ளங்கையில் அடங்கும் ஒரு களிமண் ஒப்பந்தம், அதைச் சுற்றி ஒரு களிமண் உறை. உறை ஒரு மூலையில் உடைந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியே உள்ளே இருக்கும் ஏட்டின் எழுத்து தெரிகிறது. பழைய பாபிலோனியர்களின் பத்திரப் பதிவு இப்படித்தான். உள்ளே ஒப்பந்தம், வெளியே உறையின் மேல் அதே வாசகம் மறுபடியும், சாட்சிகள் உருட்டிய முத்திரைகளோடு. வெளியே இருப்பதை யாராவது திருத்திவிட்டதாகத் தகராறு வந்தால், நீதிபதி முன்னால் உறையை உடைத்து உள்ளே பார்ப்பார்கள். மூலமும் நகலும் ஒரே பொட்டலத்தில். இதைப் பார்த்தபோது உண்மையிலேயே கைகூப்பத் தோன்றியது.

48ஆம் சட்டம் ‘ஏட்டை நனை’ என்று சொல்வதன் கனம் இங்கேதான் எனக்கு உறைத்தது. சுடாத களிமண். தண்ணீர் பட்டால் எழுத்து கரையும், திருத்தி எழுதலாம். தண்ணீர் இல்லாமல் பயிர் போனவனுக்கு, கடன் ஏட்டின் மேல் தண்ணீர் தெளிக்கும் உரிமை.

பத்திரத்தின் மேலும் சாட்சியின் மேலும் ஹம்முராபிக்கு இருந்த பிடிப்பு எல்லாப் பக்கத்திலும் தெரிகிறது. முதல் சட்டமே, ஒருவன் மேல் கொலைக் குற்றம் சாட்டிவிட்டு நிரூபிக்க முடியாதவனுக்கு மரணம். 5ஆம் சட்டம், முத்திரையிட்ட தீர்ப்பைப் பிறகு மாற்றிய நீதிபதி, வழக்கின் தொகையைப் போல் 12 மடங்கு கட்டிவிட்டு இருக்கையை விட்டு இறங்க வேண்டும். மறுபடி நீதிபதிகளோடு உட்காரக் கூடாது. 128, ஒப்பந்தம் இல்லாமல் கொண்டுவந்த பெண் மனைவியாக மாட்டாள். அதே சமயம், சூனியக் குற்றச்சாட்டில் ஆளை ஆற்றில் இறங்கச் சொல்லி நதியையே தீர்ப்புச் சொல்ல விடுவதும் இதே தொகுப்பில், இரண்டாவது சட்டமாகவே இருக்கிறது. இரண்டையும் ஒரே கை எழுதியது என்பதை ஏற்றுக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

மதியம் புது பாக்தாத் பகுதியில் தெல் ஹர்மல். வீடுகளுக்கு நடுவே ஒரு சிறிய மேடு. பழைய பெயர் ஷதுப்பும். எஷ்னுன்னா அரசின் கீழ் இருந்த ஒரு நிர்வாக ஊர். பாபிலோனுக்கும் உர்ருக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே வருவதில்லை. 1940களில் தாஹா பாக்கிர் தலைமையில் ஈராக்கியர்களே தோண்டிய இடம். எஷ்னுன்னாவின் சட்டங்கள் எழுதிய ஏடுகள் இங்கேதான் கிடைத்தன. அவை ஹம்முராபியின் தொகுப்புக்குக் கொஞ்சம் முந்தியவை. கி.மு. 1762 வாக்கில் அவன் எஷ்னுன்னாவையும் விழுங்கினான். தன் கல்தூணை எழுப்பியது அதற்கும் பிறகு, ஆட்சியின் கடைசி ஆண்டுகளில்.

இந்த மேட்டின் மேல் நின்றுகொண்டு மாடு முட்டும் சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எஷ்னுன்னா 53: ஒரு மாடு இன்னொரு மாட்டை முட்டிக் கொன்றால், உயிரோடிருக்கும் மாட்டின் விலையையும் செத்த மாட்டின் உடலையும் இரு சொந்தக்காரர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பைபிளில் யாத்திராகமம் 21:35ஐ எடுத்துப் பாருங்கள். அதே மாடு, அதே முட்டு, அதே பங்கீடு. பல நூற்றாண்டு இடைவெளி, வேறு மொழி, வேறு தெய்வம், தீர்ப்பு மாறவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக யோசித்து இந்தப் பங்கீட்டுக்கு வந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்த படி இன்னும் முக்கியம். மாடு முட்டும் மாடு என்று அதிகாரிகள் சொந்தக்காரனிடம் சொல்லியிருக்கிறார்கள், அவன் கவனிக்கவில்லை, அது ஓர் ஆளைக் கொன்றுவிட்டது. எஷ்னுன்னாவில் அபராதம் மூன்றில் இரண்டு பங்கு மினா வெள்ளி. ஹம்முராபியில் அரை மினா. தெருவில் போன மாடு திடீரென்று முட்டினால் ஹம்முராபி வழக்கே இல்லை என்கிறான். யாத்திராகமத்தில், எச்சரிக்கப்பட்டும் கட்டிவைக்காதவனுக்கு மரணமே. மீட்புத்தொகை கொடுத்தும் தப்பலாம். தண்டனை ஏறி இறங்கியிருக்கிறது. கேள்வி ஒன்றுதான்: சொந்தக்காரனுக்கு முன்பே தெரியுமா? விலங்கால் வரும் தீங்குக்கு இன்றைக்கும் வழக்காடும்போது எதிராளியிடம் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான். சரியப் போகும் சுவரைப் பற்றியும் எஷ்னுன்னா இப்படியே பேசுகிறது: முன்னறிவிப்பு கொடுத்தும் பலப்படுத்தாமல், சுவர் விழுந்து ஆள் செத்தால் அது உயிர் சம்பந்தப்பட்ட வழக்கு, அரசனிடம் போக வேண்டும். நோட்டீஸ் கொடுப்பது என்ற வழக்கம் அவ்வளவு பழையது.

புதன், இஸ்தான்புல் விமான நிலையம்

பாரிஸ் விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் எழுதுகிறேன். இந்த நகரத்து அருங்காட்சியகத்தில்தான் நிப்பூர் என்ற பழைய ஊரில் கிடைத்த உர்-நம்மு சட்ட ஏடு இருக்கிறது. 1952இல் சுமேரிய மொழி அறிஞர் சாமுவேல் நோவா கிராமர் இங்கே உட்கார்ந்துதான் அதைப் படித்தார். 1940கள் வரை ஹம்முராபியே உலகின் முதல் சட்டம் தந்தவன் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போதும் சில பாடப் புத்தகங்கள் அப்படியே சொல்லிக்கொண்டிருப்பது வருத்தம்.

நேற்றைய பதிவைப் படித்த நண்பர் ஒருவர் கேட்டார்: இந்தச் சட்டத்தை வைத்து நிஜமாகவே நீதிமன்றத்தில் தீர்ப்பு சொன்னார்களா? நியாயமான கேள்வி. அந்தக் காலத்து ஒப்பந்தங்களும் வழக்குக் குறிப்புகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஹம்முராபியின் சட்டத்தை மேற்கோள் காட்டுவது மிக மிக அரிது. கூலியும் விலையும்கூடப் பல இடங்களில் சட்டத்தோடு ஒத்துப்போவதில்லை. அதனால், அந்தத் தூண் நடைமுறைச் சட்டம் என்பதைவிட, அரசனின் நீதிப் புகழைப் பாடும் நினைவுச்சின்னம் என்பார் உண்டு. பிரெஞ்சு அறிஞர் ழான் பொத்தெரோ, நோய்க்குறிகளையும் சகுனங்களையும் ‘இப்படியானால் இப்படி’ என்று வரிசைப்படுத்திய அவர்களுடைய மற்ற நூல்களைப் போல, இதுவும் நீதி பற்றிய ஓர் ஆய்வு நூல் என்றார்.

எனக்கு இதில் ஏமாற்றம் ஏதுமில்லை. தீர்ப்புகள் செல்வாக்குப் பெற நீதிமன்றம் ஒன்றுதான் வழி என்பதில்லை, பள்ளிக்கூடமும் ஒரு வழி. எழுத்தர் பள்ளிகளில் பிள்ளைகள் இந்தச் சட்டங்களைப் பார்த்து எழுதிப் பழகினார்கள். ஹம்முராபி இறந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும், கி.மு. 7ஆம் நூற்றாண்டில் நினிவேயில் அசீரிய அரசன் அசூர்பனிபாலின் நூலகத்திலும் பிரதிகள் இருந்தன. யாத்திராகமத்தின் மாடு அந்த வழியில்தான் எங்கோ நடந்து வந்திருக்க வேண்டும். கடனுக்காக மனைவி மக்களை வேலைக்கு விட்டால் மூன்று வருஷம் உழைத்து நாலாம் வருஷம் விடுதலை என்று ஹம்முராபியின் 117 சொல்கிறது; எபிரேய அடிமைக்கு ஆறு வருஷம் உழைத்து ஏழாம் வருஷம் விடுதலை என்று யாத்திராகமம் சொல்கிறது. 1902 ஜனவரியில் பெர்லினில் ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம் முன்னிலையில் அசீரியவியல் அறிஞர் பிரீட்ரிஷ் டெலிட்ஷ், பைபிளின் வேர்கள் பாபிலோனில் இருக்கின்றன என்று பேசிப் பெரும் சர்ச்சை எழுந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான் ஈரானின் சூசாவில் இந்தத் தூணும் மண்ணிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவையில் சட்டம் தந்தவர்கள் என்று 23 பேரின் முகங்களைச் சலவைக்கல்லில் பதித்திருக்கிறார்கள். ஹம்முராபியும் அதில் உண்டு. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அவனுடைய எள்ளுப்பேரன் அம்மி-சதுக்கா. கி.மு. 1646இல் அவன் போட்ட ஆணை, குடிமக்களின் ஒருவகைக் கடன்களை ரத்து செய்தது. வியாபாரக் கடனைத் தொடவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வாங்கிய கடனும் வரி பாக்கியும்தான் தள்ளுபடி. ஹம்முராபியும் பட்டமேறியதும் இப்படி ஒரு தள்ளுபடி செய்தவன்தான். கடன் தள்ளுபடியைப் பொருளாதாரத்துக்குக் கேடு என்று தொலைக்காட்சியில் அடித்துப் பேசுகிறவர்களுக்கு இந்த 3,700 வருஷத்து ஆவணங்களை யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

வெள்ளி, பாரிஸ்

லூவர் வெள்ளிக்கிழமைகளில் இரவு வரை திறந்திருக்கும். மாலைக்கு மேல் போனேன். ரிஷெல்யூ பகுதி, 227ஆம் அறை. மோனாலிசாவுக்கு முன்னால் நிற்கும் நெரிசல் இங்கே இல்லை. நடுவில் தனியாக நிற்கிறது.

கறுப்பு பசால்ட் கல், 2.25 மீட்டர் உயரம். புகைப்படங்கள் காட்டாத ஒன்று அதன் மினுமினுப்பு, வழவழவென்று தேய்த்திருக்கிறார்கள். உச்சியில் ஷமாஷ். கொம்புகள் அடுக்கிய மகுடம், தோளிலிருந்து எழும் சுடர்கள், பாதம் மலைச் செதில்களின் மேல். கையில் கோலும் வளையமும், அரசனை நோக்கி நீட்டியபடி. அதற்குக் கீழே, முன்னும் பின்னும் இண்டு இடுக்கு இல்லாமல் ஆப்பெழுத்து. கட்டம் கட்டமாக, கோடு பிசகாமல். ஒவ்வொரு எழுத்தும் விரல் நகம் அளவு. பக்கவாட்டில் வெளிச்சம் விழும் இடத்தில் குனிந்து பார்த்தால் உளி இறங்கிய ஆழமும், ஆப்பின் அகன்ற தலை மெலிந்து வாலாக முடியும் விதமும் தெரிகின்றன. ஈரக் களிமண்ணில் நாணலை அழுத்தினால் தானாக வரும் வடிவத்தை, கடினமான கல்லில் வெட்டி வரவழைத்திருக்கிறார்கள்.

1901 டிசம்பர், 1902 ஜனவரி மாதங்களில் சூசாவில் மூன்று துண்டுகளாகக் கிடைத்தது. ழாக் டி மோர்கனின் பிரெஞ்சுக் குழு தோண்டியது. அதே 1902இல் டொமினிக்கன் பாதிரியார் வின்சென்ட் ஷேல் மொழிபெயர்த்து வெளியிட்டார். நாம் சொல்லும் 282 என்ற எண்ணிக்கையும் வரிசை எண்களும் அவர் போட்டவை. கல்லில் எண் எதுவும் கிடையாது.

பாபிலோனியாவில் நின்ற தூண் ஈரானின் சூசாவுக்கு எப்படிப் போனது? கி.மு. 12ஆம் நூற்றாண்டில் சூசாவை ஆண்ட எலாம் அரசன் ஷுத்ருக்-நஹ்ஹுந்தே படையெடுத்து வந்து, பெரும்பாலும் ஷமாஷின் கோயில் இருந்த சிப்பாரிலிருந்து, வெற்றிச் சின்னமாகத் தூக்கிப்போனான். இதே பகுதியில் இருக்கும், அக்காத் அரசன் நராம்-சின்னின் வெற்றிக் கல்லும் அவன் கொள்ளையடித்ததுதான். அதில் தன் பெயரைப் பொறித்தும் வைத்திருக்கிறான். ஹம்முராபியின் தூணில் முன்பக்கம் அடியில் சுமார் ஏழு பத்திகளைச் சுரண்டி வழித்திருக்கிறான். தன் பெயருக்கு இடம் செய்தான் போலிருக்கிறது, ஏனோ எழுதவில்லை. எழுத்து நெருங்கி நெருங்கி வந்து சட்டென்று நின்று, கீழே வெறும் கல்.

முடிவுரையில் ஹம்முராபி இதைப் பற்றி முன்கூட்டியே பேசியிருக்கிறான். தன் வார்த்தைகளை அழிக்கிறவன், தன் பெயரை நீக்கித் தன்னுடையதை எழுதுகிறவன் மேல் ஒவ்வொரு தெய்வமாகக் கூப்பிட்டுச் சாபம் கொடுக்கிறான். அதற்கு முன்னால் வரும் வரிகளுக்காகத்தான் நான் இங்கே வந்தேன். அநியாயத்துக்கு ஆளானவன், வழக்கு உள்ளவன், என் உருவத்தின் முன் வரட்டும். எழுதிய என் கல்லை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். கல் அவன் வழக்கைத் தெளிவாக்கட்டும். அவன் மனம் ஆறட்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலராக இருந்த காலத்தில், கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையை அரசன் பொதுவில் எழுதிவைத்தான். நீதிமன்றம் இதைப் பின்பற்றியதோ இல்லையோ, சட்டம் என்பது அதிகாரியின் தலைக்குள் இருக்கக் கூடாது, எளியவன் போய்க் கேட்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்ற வாக்கு அதில் இருக்கிறது. நான் ஹம்முராபிக்குக் கடன்பட்டிருப்பது இதற்காக. கண்ணுக்கும் பல்லுக்கும் இல்லை.

சுரண்டிய அந்த இடத்தில் என்ன இருந்தது? 65ஆம் சட்டத்துக்குப் பிறகு கல் வெறுமையாகி, மறுபக்கம் 100இல்தான் மீண்டும் தொடங்குகிறது. இடையில் சுமார் 35 சட்டங்கள் போயிருக்கும் என்று கணித்து ஷேல் 66 முதல் 99 வரை எண்களை ஒதுக்கிவைத்தார். பிறகு நிப்பூரிலும் நினிவேயிலும் கிடைத்த களிமண் பிரதிகள் அவற்றில் பலவற்றை நிரப்பின. அதாவது, எழுத்துப் பழகிய பிள்ளைகளும் பிரதியெடுத்த எழுத்தர்களும் காப்பாற்றியவை.

நிரம்பியவற்றில் முக்கியமானவை கடன் சட்டங்கள். தானியக் கடனுக்கு வட்டி மூன்றில் ஒரு பங்கு, வெள்ளிக் கடனுக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் வாங்கும் வியாபாரி கொடுத்த அசலையும் இழப்பான். சின்ன எடைக்கல்லில் நிறுத்துக் கொடுத்துப் பெரிய எடைக்கல்லில் நிறுத்து வாங்குகிறவனுக்கும் அசல் போகும். திருப்பிக் கொடுக்க வெள்ளியும் தானியமும் இல்லாதவன், கையில் இருக்கும் சாமான்களைச் சாட்சிகள் முன்னால் கொண்டுவந்து வைக்கலாம். வியாபாரி மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.